தமிழ் அறிந்த பிரதம நீதியரசர்

சென்ற ஆண்டு மார்கழி மாதத்தில் ஒரு நாட் காலை. நமுனுகுல மலையைப் பனி மூடிக் கிடந்தது. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து முதல் பஸ்ஸில் புறப்பட்டு, ஓர் அம்மையார் எமது வீட்டு வாசலில் வந்து நின்றார். அவருடைய மகள் எம்மிடம் கற்பவள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த கடிதத்தை அவிழ்த்து எமது கையிற் கொடுத்துவிட்டு, "ஐயா, எங்க வீட்டுக்காரரைப் புடிச்சிட்டுப் போயிருவாங்களா?" என்று கேட்டார். குரல் நடுங்கிற்று.

அது நீதிமன்ற அழைப்பாணை. அதில் தமிழ் எழுத்து ஒன்றேனும் இல்லை. எமக்குத் தெரிந்த சிங்களத்தைக் கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தோம். கணவரைப் பிடிப்பதற்கான கட்டளை அன்று அது. தெருவில் நடந்த மோட்டார் விபத்து ஒன்றைக் கண்டவர் என்ற முறையில், சாட்சி சொல்ல வருமாறு அந்த அம்மையாரையே அழைத்திருந்தார்கள். அவ்வளவுதான். ஆயினும், அக்கடிதம் வந்த நாள் முதலாக மூன்று நாட்கள் அந்த லயத்து வீட்டில் அடுப்புச் சரியாக எரியவில்லை.

அவரைத் தேற்றி அனுப்பிய பின்னரும் எமது மனம் ஆறவில்லை. நீதிமன்றத்தின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கின்றது என்கிறோம். உள்ளே பேசப்படும் மொழி விளங்காதவனுக்கு அக்கதவு திறந்திருந்தும் பயன் என்ன? இவ்வாறு எண்ணியபோது, இத்தீவின் நீதி வரலாற்றிலே ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவர் எமது நினைவுக்கு வந்தார். தம் முன் நிற்பவர்களின் மொழியைச் சிறு வயதிலேயே கற்றுக்கொண்டு நீதிபீடம் ஏறிய அவர், சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன். 1811 முதல் 1819 வரை இலங்கையின் பிரதம நீதியரசராக விளங்கியவர். அவருடைய சரிதத்தை இன்று எமது வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம்.

இரு நாடுகள், ஓர் ஆண்டு

உலக வரலாற்றில் 1801 ஒரு குறிப்பிடத்தக்க ஆண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பிரதம நீதியரசராக ஜோன் மார்ஷல் பதவியேற்றது அவ்வாண்டிலேதான். புதிதாகப் பிறந்த அந்நாட்டின் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு அப்போது வயது பன்னிரண்டே. நீதியரசர்கள் குதிரையிலும் வண்டியிலும் ஊர் ஊராகச் சென்று விசாரணை நடத்தினார்கள். அரசியல் யாப்புக்கு முரணான சட்டத்தைச் செல்லாது எனக் கூறும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டென 1803ல் மார்ஷல் தீர்ப்பளித்தார். அதன் பின்னரே அந்நாட்டு நீதித்துறையின் பெருமை உலகறிய ஓங்கிற்று.

அதே 1801ல், பிரித்தானிய முடியின் சாசனமொன்றின் மூலம் இலங்கையிலும் உயர் நீதிமன்றம் ஒன்று நிறுவப்பட்டது. எனினும், இரண்டுக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. அமெரிக்காவில் தம் நாட்டுச் சட்டத்தைத் தம் மொழியில் ஆராய்ந்தவர்கள் அந்நாட்டவரே. இங்கோ நீதிபதிகள் கடல் கடந்து வந்த ஆங்கிலேயர். அவர்கள் முன் நின்றவர்கள் சிங்களமும் தமிழும் பேசிய மக்கள். அந்த இடைவெளியைக் கடக்க முயன்றார் என்பதே ஜோன்ஸ்டனின் சிறப்பு.

இன்னுமொரு தொடர்பும் இங்கே குறிப்பிடத்தக்கது. ஜோன்ஸ்டனின் மனைவியார் லூயிசா, தென் கரோலினாவின் கடைசிப் பிரித்தானிய ஆளுநராயிருந்த வில்லியம் கம்பெல் பிரபுவின் மகளாவார். அமெரிக்க மக்கள் வேண்டாமென்று ஒதுக்கிய ஆட்சியின் கதையை அக்குடும்பம் நன்கு அறிந்திருக்கும். அடக்கி ஆள்வது மட்டும் ஆட்சியாகாது என்ற எண்ணம் ஜோன்ஸ்டனின் உள்ளத்தில் வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம் என்று ஊகிக்கத் தோன்றுகின்றது.

மதுரையில் வளர்ந்த சிறுவன்

1775ஆம் ஆண்டு பிறந்த ஜோன்ஸ்டன், சிறு பிள்ளையாகவே தந்தையாருடன் தென்னிந்தியாவுக்கு வந்தார். தந்தையார் சாமுவேல் ஜோன்ஸ்டனுக்கு மதுரையிலே உத்தியோகம். தாயார் ஹெஸ்டர், மடக்கை என்னும் கணித முறையைக் கண்டுபிடித்த நேப்பியரின் வழித்தோன்றல். தம் முன்னோரின் ஆராய்ச்சிக்கு உதவும் பொருட்டு இந்தியரின் பழைய கணித நூல்களை அறிய விரும்பிய அவ்வம்மையார், மதுரையிலிருந்த அந்தணப் பண்டிதர்களோடு பழகினார். அம்முயற்சிக்குத் துணையாக அங்கே அழைக்கப்பட்டவரே, பிற்காலத்தில் தென்னாட்டுச் சுவடிகளையும் கல்வெட்டுக்களையும் ஆயிரக்கணக்கில் திரட்டிப் புகழ் பெற்ற கொலின் மக்கன்சி.

இத்தகைய வீட்டில் வளர்ந்த சிறுவனுக்குப் பாடம் சொன்னவர்களும் சாமானியர் அல்லர். தஞ்சையிலும் திருச்சியிலும் பணியாற்றிய சுவார்ட்ஸ் பாதிரியாரும், பின்னர் சென்னை மாகாண ஆளுநராகிய தோமஸ் மன்றோவும் அவருக்கு ஆசிரியராயிருந்தனர். தமிழையும் தெலுங்கையும் இந்துஸ்தானியையும் அவர் பழகிக்கொண்டார். பின்னர் ஐரோப்பா சென்று, ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரிலும் லண்டனிலும் சட்டம் கற்றுத் தேறினார்.

மதுரை என்றதும் எமது நெஞ்சில் தோன்றுபவள் கண்ணகி அன்றோ? தீர விசாரியாமல் உரைத்த ஒரு சொல்லால் கோவலனின் உயிர் போயிற்று. உண்மை வெளிப்பட்டபோது பாண்டியனின் உயிரும் போயிற்று. அக்கதையைச் சொல்லி வளரும் ஊரிலே தம் பிள்ளைப் பிராயத்தைக் கழித்த ஒருவர், பின்னாளில் விசாரணை முறையைத் திருத்துவதற்கே தம் வாழ்வின் பெரும் பகுதியைச் செலவிட்டார் என்பதை நினைக்கும்போது எமக்கு ஒரு மகிழ்ச்சி பிறக்கின்றது.

பதின்மூன்று பேர் சொல்லும் தீர்ப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசாங்க வழக்கறிஞராக இலங்கைக்கு வந்த ஜோன்ஸ்டன், படிப்படியாக உயர்ந்தார். ஊர்தோறும் சென்று விசாரித்த காலத்தில், மக்களின் வழக்காறுகளைக் கேட்டு எழுதிக்கொண்டார். முஸ்லிம்களின் மண முறை, சொத்துரிமை முதலியவை பற்றிய வழக்காறுகள் 1806ல் தொகுக்கப்பட்டபோது, அதைத் தேசாதிபதியிடம் சேர்ப்பித்தவர் இவரே. யாழ்ப்பாணத்துத் தேசவழமை சட்டமாக ஏற்கப்பட்டதும் அதே ஆண்டில் என்பதை வாசகர் அறிவர்.

1809ல் அவர் இங்கிலாந்து சென்று, அங்குள்ள மந்திரிமார் முன் தம் கருத்தை வைத்தார். அதன் சாரம் இதுதான்: இந்நாட்டு மக்கள் தம் நாட்டு நீதியில் பங்கு கொள்ளாதவரை அந்த நீதி அவர்களுக்கு அந்நியமாகவே இருக்கும், ஒருவன் பொய் சொல்கின்றானா மெய் சொல்கின்றானா என்பதை அவனுடைய ஊர் வழக்கம் அறிந்தவர்களே நன்கு உணர்வர். இக்கருத்து ஏற்கப்பட்டது. 1811ஆம் ஆண்டின் சாசனம், குற்றஞ்சாட்டப்பட்ட இந்நாட்டவன் எவனும் தன் நாட்டவர் பதின்மூன்று பேர் கொண்ட ஜூரிமாரால் விசாரிக்கப்படும் உரிமையை வழங்கிற்று. சேர் பட்டமும் பிரதம நீதியரசர் பதவியும் பெற்று ஜோன்ஸ்டன் திரும்பி வந்தார்.

உழுது பயிரிட்டவரும் கடை வைத்திருந்தவரும் நீதிமன்றத்திலே ஆசனம் பெற்று, சாட்சிகளை விசாரித்து, ஓர் உயிரின் விதியைப் பற்றித் தம் தீர்ப்பைச் சொன்ன காட்சியை எண்ணிப் பாருங்கள். இந்தியாவின் மாகாணத் தலைநகர்களிலே இந்தியருக்கு அத்தகைய உரிமை சட்டமாகியது 1826ல். அதற்கு முந்திய ஆண்டில் ஜோன்ஸ்டன் இலங்கை அனுபவத்தை விளக்கி லண்டனுக்கு எழுதிய நீண்ட கடிதமும் அம்மாற்றத்துக்குத் துணை நின்றது.

இதனினும் பெரிய விளைவு ஒன்று உண்டு. ஜூரிமாராக அமர்ந்தவர்களில் அடிமைகளை உடையவர்களும் இருந்தார்கள். பிறருக்கு நீதி வழங்க அமர்பவன் மனிதரை விலை கொடுத்து வாங்கி வைத்திருப்பது தகுமா என ஜோன்ஸ்டன் அவர்களிடம் இடைவிடாது எடுத்துரைத்தார். 1816ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆந் தேதிக்குப் பின் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் குழந்தைகள் யாவரும் சுதந்திரர் என அவர்கள் தாமே முன்வந்து தீர்மானித்தார்கள். இலங்கையில் அடிமை முறை முற்றாக ஒழிய 1844 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆயினும், முதற் படி அதுவே. உரிமைகளைப் பற்றி அவ்வளவு உயர்வாக எழுதி வைத்த அமெரிக்க நாடு, அடிமை முறையை ஒழிக்க 1865 வரை சென்றது என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளலாம்.

குறைகளையும் நாம் மறைத்தல் ஆகாது. அக்காலத்து ஜூரிமார் சாதிவாரியாகவே பிரிக்கப்பட்டனர். பெண்களுக்கு இடமே இருக்கவில்லை. ஜோன்ஸ்டனும் சாம்ராச்சியத்தின் ஊழியரே. மக்களின் மனத்தை ஆட்சியின் பக்கம் திருப்புவதும் அவர் நோக்கங்களில் ஒன்று. இவை எல்லாம் உண்மை. ஆனால், நோக்கம் எதுவாயினும், ஆளப்படுபவனையும் நீதி சொல்ல வல்லவனாக மதித்தது அச்சட்டம்.

மகாவம்சம், இராஜாவலி முதலிய நூல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கச் செய்தவரும் அவரே. அம்மொழிபெயர்ப்புக்கள் 1833ல் அச்சேறின. நீதிக்காக மணி கட்டி, கன்றை இழந்த பசுவின் பொருட்டுத் தன் மகனையே தண்டித்த எல்லாளனின் கதை அந்த மகாவம்சத்திலே உண்டு. இந்நாட்டில் நீதி என்பது கப்பலில் வந்திறங்கிய சரக்கு அன்று என்பதை ஜோன்ஸ்டன் அறிந்திருந்தார்.

ஊவாவுக்கு எட்டாத நீதி

இனி, எமது மலைகளுக்கு வருவோம். ஜோன்ஸ்டனின் உயர் நீதிமன்றம் கரையோர மாகாணங்களுக்கே உரியதாயிருந்தது. 1815 மார்ச் 2ஆந் தேதி கண்டி உடன்படிக்கை கைச்சாத்தானபின்பும், ஊவா உட்பட்ட கண்டி நாடு அதன் எல்லைக்குள் வரவில்லை. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் குடியானவர் ஜூரிமாராக அமர்ந்த அதே காலத்தில், பதுளையில் அப்படி ஓர் ஆசனம் எவருக்கும் கிடைக்கவில்லை.

1817ல் ஊவாவிலே கிளர்ச்சி மூண்டது. பதுளையில் அரசாங்கப் பிரதிநிதியாயிருந்த வில்சன் கொல்லப்பட்டார். அடக்குவதற்கென அனுப்பப்பட்ட ஊவாத் திசாவை கெப்பெட்டிப்பொல, தம் மக்களின் பக்கமே சேர்ந்துகொண்டார். இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. வயல்களும் வீடுகளும் எரிந்தன. பிடிபட்ட கெப்பெட்டிப்பொலவை விசாரித்தது இராணுவ நீதிமன்றம். 1818 நவம்பர் 26ஆந் தேதி கண்டியில் அவருடைய தலை துணிக்கப்பட்டது. ஊவாவில் அப்போர் நடந்துகொண்டிருந்த 1818ல் ஜோன்ஸ்டன் இங்கிலாந்து போய்ச் சேர்ந்திருந்தார். மதுரையில் வளர்ந்தவரின் நீதி எமது மலைகளை எட்டாமலே போயிற்று.

1833ஆம் ஆண்டின் புதிய சாசனமே தீவு முழுவதையும் ஒரே உயர் நீதிமன்றத்தின் கீழ்க் கொண்டுவந்தது. மாவட்ட நீதிமன்றங்கள் தோன்றின. பதுளைக்கும் நீதிபதி வந்தார். ஆனால், வந்தவர் யார்? பதுளை நகரின் சென் மார்க் தேவாலயத்துக்குச் சென்றிருப்பவர்கள், மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் என்பவரின் நினைவுக் கல்லைக் கண்டிருப்பர். அவர் படைவீரர், உதவி அரசாங்க அதிபர், மாவட்ட நீதிபதி. மூன்றும் ஒருவரே. வரி கேட்பவரும், படை நடத்துபவரும், வழக்குத் தீர்ப்பவரும் ஒருவராக இருந்தால், குடியானவன் தன் முறையீட்டை யாரிடம் கொண்டு செல்வது? ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்பதாலேயே அவர் பெயர் இன்றும் பேசப்படுகின்றது. 1845 ஜூன் 7ஆந் தேதி அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். வீதிகள் அமைத்ததிலும் ஊரவரின் குறைகளைக் கேட்டதிலும் அவர் நல்ல பெயர் எடுத்தவர் என்பதையும் சொல்ல வேண்டும்.

துண்டும் வழக்கும்

றொஜர்ஸ் காலத்திலே காடுகள் அழிந்து கோப்பித் தோட்டங்கள் எழுந்துகொண்டிருந்தன. கோப்பியை அழித்த இலை நோய் 1869ல் முதன்முதல் காணப்பட்டது எமது மடுல்சீமையிலேதான். அதன்பின் தேயிலை வந்தது. இரண்டையும் நட்டு வளர்த்த கைகள், தமிழ் நாட்டிலிருந்து நடந்தும் தோணியேறியும் வந்த எமது முன்னோரின் கைகள்.

அவர்கள் கண்ட சட்டம் எத்தகையது? 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, தோட்டத்தை விட்டுச் சொல்லாமற் போன தொழிலாளி குற்றவாளி. அவனைச் சிறையில் இடலாம். ஒப்பந்தத்தை மீறிய கடை முதலாளிமேல் பணத்துக்கு வழக்கு. கூலியாள்மேல் சிறைக்கு வழக்கு! கடன் தீராமல் துண்டு கிடைக்காது. துண்டு இல்லாமல் வேறு தோட்டம் சேர்க்காது. வழக்கு நடந்தது ஆங்கிலத்தில். கூண்டில் நின்றவனுக்குத் தெரிந்தது தமிழ் மட்டுமே. அவனுடைய வாழ்வு, இடையில் நின்ற மொழிபெயர்ப்பாளரின் நாவில் இருந்தது. துண்டு முறையும் இச்சிறைத் தண்டனையும் ஒழிய 1920களின் தொடக்கம் வரை சென்றது.

பின்னர் வாக்குரிமை வந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் பதுளைத் தொகுதி மக்கள் இலங்கை இந்திய காங்கிரசைச் சேர்ந்த எஸ். எம். சுப்பையா அவர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதற்கடுத்த ஆண்டுத் திருத்தத்தால் வாக்கும் பறிபோயிற்று.

அவ்வேளையில் நீதிக்காகத் துணிந்த ஓர் உத்தியோகத்தரை நாம் மறத்தல் தகாது. கேகாலைப் பகுதியில், கோடக்கன் பிள்ளை என்பவரின் பெயர் வாக்காளர் இடாப்பில் சேர்க்கப்படவில்லை. வாக்காளர் இடாப்பு மீளாய்வு அதிகாரியாயிருந்த சிவஞானசுந்தரம், ஓர் இனத்தை மட்டும் தாக்கும் சட்டத்தை ஆக்க அரசியல் யாப்பின் 29ஆம் பிரிவு இடங்கொடாது எனக் கூறி, அப்பெயரைச் சேர்க்குமாறு கட்டளையிட்டார். மார்ஷல் 1803ல் அமெரிக்காவில் எடுத்துக்காட்டிய அதிகாரத்தை, உயர் பீடம் எதுவும் இல்லாத ஒரு சிறு அதிகாரி இங்கே எடுத்துக்காட்டினார்! 1951ல் உயர் நீதிமன்றம் அக்கட்டளையை மாற்றிற்று. லண்டன் கோமறை மன்றின் நீதிக் குழுவும் 1953ல் மேன்முறையீட்டைத் தள்ளிவிட்டது. 1833ல் அக்குழு அமைந்தபோது ஜோன்ஸ்டன் அதில் ஓர் உறுப்பினராக அமர்ந்தவர் என்பதை அறியும்போது நெஞ்சம் கனக்கின்றது. அவர் 1849ல் காலமானார். எஞ்சியோரின் பிரஜாவுரிமைக் குறை நீங்கியது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்.

கேட்டுப் பெற வேண்டிய உரிமை

இன்று நிலைமை யாது? சிங்களமும் தமிழும் நீதிமன்ற மொழிகள் என்கின்றது அரசியல் யாப்பின் 24ஆம் பிரிவு. ஊவாவில் நீதிமன்றப் பதிவுகள் சிங்களத்திலே நடக்கின்றன. ஆயினும், அம்மொழி அறியாத வழக்காளி எவரும் தமிழில் முறையிடலாம். உரைபெயர்ப்பையும் மொழிபெயர்ப்பையும் அரசே தர வேண்டும். இது சலுகை அன்று, உரிமை. ஜூரிமார் ஏழு பேராகக் குறைந்து, பெரும்பாலான வழக்குகள் அவர்கள் இன்றியே நடக்கும் இந்நாளில், சாமானியனுக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே எஞ்சியுள்ள பாலம் இந்த மொழியுரிமை ஒன்றே.

பசறை அம்மையாருக்கு இது தெரியாது. நாம் தெரிவித்தோம். குறித்த நாளில் அவருடன் நாமும் சென்றோம். தமிழ் உரைபெயர்ப்பாளர் அன்று வரவில்லை. வழக்குத் தள்ளிப் போயிற்று. இரண்டாந் தவணையிலும் அவ்வாறே. இரண்டு நாட் சம்பளம் போயிற்று. "பேசாம ஆமான்னு சொல்லிட்டு வந்திடவா ஐயா?" என்று சலித்துக்கொண்டார். "வேண்டாம் அம்மா, நீங்கள் கண்டதை நீங்களே சொல்லுங்கள்" என்றோம். மூன்றாந் தவணையில் உரைபெயர்ப்பாளர் வந்தார். அம்மையார் நிமிர்ந்து நின்று, தாம் கண்டதைத் தமிழில் சொன்னார். நீதிபதி அவர் முகத்தைப் பார்த்துப் பொறுமையுடன் கேட்டார்.

வெளியே வந்து பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது அவர் எம்மிடம் ஒன்றே கேட்டார்: "நான் சொன்னது குறையாம அங்க போய்ச் சேர்ந்துச்சா ஐயா?"

"சேர்ந்தது அம்மா" என்றோம். எமக்குத் தெரிந்த சிங்களத்தின் அளவுக்கு அது உண்மை. ஆனால், அந்தக் கேள்வியை வேறொருவரிடம் கேட்கத் தேவையில்லாத நாள் வர வேண்டும். இத்தோட்டங்களிலிருந்து எம்மிடம் கற்க வரும் பிள்ளைகளில் சிலர் சட்டம் கற்கட்டும். சிலர் இரு மொழியும் தேர்ந்து உரைபெயர்ப்பாளராகட்டும். அயல் நாட்டில் பிறந்த ஒருவர் மதுரைத் தெருக்களிலே தமிழ் கற்று எமது நீதிபீடம் ஏறினார். லயத்தில் பிறந்த பிள்ளை சிங்களமும் கற்றுப் பதுளை நீதிபீடம் ஏறுவது ஆகாத காரியமா? பெற்றோர்களே, சிந்தியுங்கள்.